கழிவு வேறு, மிச்சம் வேறு!

தேன்கனிக்கோட்டையில் அண்மையில் ஒரு பொதுக்கூட்டம். மாலை ஏழு மணி இருக்கும். ஓசூர் ஆலைகளில் வேலை முடித்துவந்த தோழர்கள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தனர். இரவு கேழ்வரகுக் காட்டுக்கு யானைக் காவல் போகவேண்டிய உழவர்கள், "கொஞ்சம் கேட்டுவிட்டுப் போவோம்" என்று கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தனர். நாம் பேசத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒலிபெருக்கி ஒருமுறை உறுமிற்று, இருமுறை இருமிற்று, பிறகு வாய்மூடிக்கொண்டது.

நம்மைப் பேசவிடாமல் தடுத்தது தடை உத்தரவு அன்று, தடியடியும் அன்று. கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு டிரான்சிஸ்டர்!

மைக்செட்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "அண்ணே, அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடுச்சு" என்றார். "மாற்றக்கூடாதா?" என்றோம். "மாத்த அஞ்சு நிமிஷம் போதும்ணே. நூறு ரூபாய்கூட ஆகாது. ஆனா சாமான் எங்கே இருக்கு? பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போகணும்" என்றார். "பக்கத்திலே எங்கும் கிடைக்காதா?" என்று கேட்டோம். சிரித்தார். "கிடைக்கும்ணே, டூப்ளிகேட்டு. போட்டா ஒரு பாட்டுக்குத் தாங்கும். உங்க பேச்சுக்குத் தாங்காது!"

அன்று தொண்டையை நம்பியே பேசி முடித்தோம். தொண்டை கட்டிக்கொண்டது பற்றி நமக்குக் கவலையில்லை. கழகத் தொண்டனுக்கு அது பழகிப்போன ஒன்று. ஆனால் அந்த மைக்செட்காரர் சொன்ன சொல், பேருந்தில் திரும்பும்போதெல்லாம் நம் காதில் ஒலித்துக்கொண்டே வந்தது. சாமான் எங்கே இருக்கு?

எங்கே இருக்கிறது என்று நாமே சொல்கிறோம், தோழர்களே! அந்த மேடையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லமுடியாவிட்டாலும், அதே தேன்கனிக்கோட்டை வட்டத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை செய்கின்றனர். ஆப்பிள் கைப்பேசியின் பாகங்கள் அங்கே உருவாகின்றன. இராகியும் தக்காளியும் விளைந்த சீமை, இன்று உலகச் சீமான்களின் சட்டைப்பைக்குள் கிடக்கும் கருவியைச் செய்து தருகிறது. 2020-21ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி ஏறத்தாழ 166 கோடி டாலர். 2024-25இல் அது 1,465 கோடி டாலர்! இந்தியாவின் மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நம் நாட்டினுடையது. பெருமைதான், மறுக்கவில்லை. கம்பியில்லாக் கருவியை ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியும் காலம் வரும் என்று 'இனிவரும் உலகம்' நூலில் எழுதினார் பெரியார். அந்தக் கருவியைச் செய்யும் கைகள் நம் வீட்டுப் பெண்களின் கைகளாக இருக்கும் காலமும் வந்துவிட்டது.

வந்தும் என்ன? ஆயிரத்து நானூறு கோடி டாலருக்கு மின்னணுப் பொருளை ஏற்றியனுப்பும் நாட்டில், ஒரு மைக்செட்காரருக்கு ஒரு டிரான்சிஸ்டர் கிடைக்கவில்லை. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு நாக்கு வறண்டவன் கதை!

இந்த வறட்சி என்றைக்கும் இருந்ததன்று. மிச்சச் சாமான் கடை என்று ஒன்று இருந்தது. இளைய தோழர்களுக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லவேண்டும். ஏனெனில் அவர்களில் பலர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபோது இராணுவம் விட்டுச்சென்ற வானொலிக் கருவிகளும் வால்வுகளும் மின்மாற்றிகளும் உலகெங்கும் மலைமலையாய்க் குவிந்தன. 'டிஸ்போசல் சாமான்' என்ற பெயர் அப்போது பரவியது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 'ரேடியோ ரோ' என்றொரு கடைத்தெரு. ஜப்பானில், குண்டுகளால் பொசுங்கிப்போன டோக்கியோவில், அகிஹபரா இரயில் நிலையத்தருகே நடைபாதையில் வால்வையும் கம்பியையும் விரித்து வைத்து விற்றனர் வேலையற்ற வாலிபர்கள். அந்த நடைபாதைக் கடைகளில் பாகம் வாங்கி வானொலி பூட்டிப் பழகிய தலைமுறைதான் பின்னர் உலகச் சந்தையைப் பிடித்த ஜப்பானியத் தொழிலுக்குத் தோள் கொடுத்தது. நமக்கும் இருந்தது: சென்னையில் மூர் மார்க்கெட், 1985இல் தீக்கிரையாகும்வரை. அண்ணா சாலையையொட்டி ரிச்சித் தெரு. நம் எல்லைப்புறத் தோழர்களுக்கோ, சென்னையைவிடப் பெங்களூர்தான் பக்கம். ஓசூரில் பேருந்து ஏறினால் முற்பகலிலேயே சதர் பத்ரப்பா சாலையில் நிற்கலாம். எஸ்.பி. ரோடு என்று மைக்செட்காரர் சொன்னாரே, அதுதான்.

பெங்களூரில் 1948இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் எழுந்தது. 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ். அரசின் ஆலைகள், ஆயிரமாயிரம் தொழிலாளர்கள். எந்த ஆலையிலும் மிச்சம் விழும். நூறு பெட்டிக்குக் கொள்முதல் செய்த பாகத்தில் தொண்ணூறு பெட்டிதான் செலவாகும். மாதிரி மாறிவிட்டால் பழைய மாதிரிக்கு வாங்கியதெல்லாம் கிடப்பில் கிடக்கும். பூச்சில் ஒரு கீறல், அச்செழுத்தில் ஒரு மங்கல் என்று ஒதுக்கியவை வேறு. இவையெல்லாம் ஏலத்திற்கு வரும். ஏலம் எடுத்தவர், கிலோக் கணக்கில் சில்லறை வியாபாரிக்குக் கொடுப்பார். சில்லறைக் கடைக்காரர் சாக்கில் கொட்டி வைப்பார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி மெக்கானிக்குகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பை தூக்கிக்கொண்டு போய், குவியலைக் கிளறி, வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். சிறு ஊர்களிலும் ஒருவர் அப்படி வாங்கிவந்து, இரண்டாள் அகலக் கடையில், பிஸ்கட் டின்களில் பிரித்து வைத்து விற்பார். ஒரு டின்னில் கண்டென்சர், ஒரு டின்னில் ரெசிஸ்டர், கயிற்றில் கோத்த டிரான்ஸ்பார்மர், கூரையிலிருந்து தொங்கும் ஸ்பீக்கர் கூடு.

நாம் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அப்படிப்பட்ட ஒரு கடையில் நின்றிருக்கிறோம். வாங்கக் காசு கிடையாது, வேடிக்கைதான். கடைக்காரர் விரட்டமாட்டார். "தம்பி, இந்த டின்னிலே நல்லது கெட்டது கலந்து கிடக்கு. மீட்டர் வெச்சுப் பிரிச்சுக் குடு" என்பார். ஒரு மணி நேரம் பிரித்துக் கொடுத்தால் இரண்டு எல்.ஈ.டி. பல்பு கூலி. முள் துடித்தால் நல்லது, படுத்தால் கெட்டது, முழுக்கப் போய் முட்டினால் ஷார்ட். ஓம் விதியைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். புரிந்தது அந்த டின்னில்தான். கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாதவனுக்கு வாசற்படியே இல்லாத கல்லூரி அது! சாதி கேட்கவில்லை, மதிப்பெண் கேட்கவில்லை, ஆங்கிலம் தெரியுமா என்று கேட்கவில்லை. நுழைவுத் தேர்வா? டின்னில் கைவிட்டால் அதுதான் நுழைவு!

நம் இயக்கத்தவர் மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. மேடைதான் நம் பல்கலைக்கழகம் என்று பெருமை பேசுகிறோமே, அந்த மேடையின் குரலைப் பெருக்கிக் கொடுத்தது யார்? மூலைமுடுக்கெல்லாம் மைக்செட் வைத்திருந்த தொழிலாளி. அவரிடம் கம்பெனிப் பெட்டி வாங்கப் பணம் இருந்ததா? மிச்சச் சாமான் கடையில் மின்மாற்றி ஒன்று, டிரான்சிஸ்டர் நான்கு, அலுமினியத் தகடு ஒன்று என்று வாங்கிவந்து, தன் கையாலேயே பூட்டிக்கொண்டார். நாம் முழங்கினோம் என்றால், அவர் பூட்டியதால் முழங்கினோம்.

2006இல் கலைஞர் ஆட்சி வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. 'இலவசம், இலவசம்' என்று ஏடுகள் ஏகடியம் பேசின. அந்தப் பெட்டிகள் பழுதானபோது என்ன நடந்தது? குக்கிராமங்களில்கூடப் பழுதுபார்ப்பவருக்கு வேலை வந்தது. மிச்சச் சாமான் கடைக்கு உயிர் வந்தது. அஞ்செட்டிப் பக்கத்துப் பையன் ஓசூருக்கு வந்து ஐ.சி. வாங்கிப் போனான். பொருளாதார நிபுணர்கள் இந்தக் கணக்கை எந்த ஏட்டில் எழுதினார்கள்?

அந்தக் கடைகள் இன்று எங்கே? ஒன்று கைப்பேசி உறை விற்கிறது. ஒன்று தேநீர்க் கடை. ஒன்றில் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ரிச்சித் தெருவும் எஸ்.பி. ரோடும் இருக்கின்றன, நெரிசலோடுதான்; ஆனால் அங்கும் மிச்சச் சாமான் சாக்குகள் பின்னுக்குப் போய், பெட்டி பிரிக்காத இறக்குமதிப் பொருள் முன்னுக்கு வந்துவிட்டது.

"காலம் மாறிவிட்டது ஐயா" என்கின்றனர், சாய்வு நாற்காலியில் அமர்ந்து நாட்டு நடப்பை அலசும் நண்பர்கள். காலம்! யார் இந்தக் காலம்? எந்தத் துறைக்கு அமைச்சர்? எந்த அவையில் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்? கடைகளை மூடியது காலம் அன்று. கையொப்பமிட்ட கைகள் இருக்கின்றன, தேதியும் இருக்கிறது.

1991இல் தொலைபேசிக் கருவி உற்பத்திக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வெளிநாட்டுக் குழுமங்கள் வந்தன. அரசின் தொலைபேசி ஆலை தேயத் தொடங்கியது. 1997இல் உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தில் டில்லி சேர்ந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைத்து, 2005க்குள் பூச்சியமாக்குவது என்று உடன்பாடு. வரி பூச்சியமாயிற்று; உள்நாட்டில் கண்டென்சரும் ரெசிஸ்டரும் செய்துகொண்டிருந்த சிறு தொழிற்கூடங்களின் வருமானமும் பூச்சியத்தை நோக்கி நடந்தது. பெங்களூரின் பெயரை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிந்தோமே, அந்த எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016இல் முடிவாயிற்று. ஆலை இல்லாத ஊரில் ஆலை மிச்சம் எங்கிருந்து வரும்?

ஏலத்தின் கதையைக் கேளுங்கள். அரசு நிறுவனங்களின் பழைய பொருளை இன்று பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய நிறுவனத்தின் வழியே இணைய ஏலத்தில் விடுகின்றனர். ஊழல் குறைந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறோம். முன்பு ஏலக் கூடத்தில் நடந்த கூட்டுச் சதிகளை நாம் அறியாதவர்கள் அல்லோம். ஆனால் ஏலத்தில் சேர முன்பணம் வேண்டும். எண்முறைக் கையொப்பம் வேண்டும். சரக்கை மொத்தமாக அள்ளிக்கொண்டு போக லாரி வேண்டும். ஒரு சாக்கு வாங்க வந்தவன் ஒரு லாரி வாங்குவானா? வாங்குபவர் உருக்கி உலோகமெடுக்கும் பெருமுதலாளி. அவருக்கு டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டர் அன்று. இத்தனை கிராம் செம்பு, இத்தனை மில்லிகிராம் தங்கம்.

அடுத்து வந்ததுதான், நம் கணிப்பில், மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக வெட்டிய கத்தி. மின்னணுக் கழிவுக்கென்று 2011இல் விதிகள் வந்தன, 2016இல் மாற்றினர், 2022இல் மீண்டும் புதுவிதிகள் செய்து 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். 'கழிவு' என்றால் என்ன என்று அந்த விதிகள் இலக்கணம் சொல்கின்றன. எறியப்பட்ட கருவி கழிவு, சரி. எறியப்பட்ட பாகம் கழிவு, சரி. உற்பத்தியின்போது ஒதுக்கப்பட்டதும் கழிவு! கழிவு என்று பெயர் சூட்டிவிட்டால், பதிவு பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே அதை ஒப்படைக்கலாம். பழுது நீக்கிப் புதுப்பிப்பவருக்கும் பதிவு உண்டு என்று வாதிடுவர். உண்டு, மறைக்கவில்லை. டில்லியின் இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, கணக்கு எழுதி, காலந்தோறும் அறிக்கை அனுப்பவேண்டும். தேன்கனிக்கோட்டையில் மேசை ஒன்றும் சூடுகோல் ஒன்றும் வைத்துப் பிழைப்பவர், பட்டயக் கணக்காளர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டுமா?

ஏற்றுமதிக்கென அமைந்த மண்டலங்களின் விதியோ இன்னும் வேடிக்கை. வெளிநாட்டிலிருந்து வரியில்லாமல் பாகம் தருவிக்கலாம். மிஞ்சியதை உள்நாட்டில் விற்றால் சுங்கவரி கட்டவேண்டும். அதிகாரியின் அனுமதியோடு அழித்துவிட்டாலோ வரி இல்லை! விற்றால் வரி, நொறுக்கினால் விலக்கு. எந்தக் கணக்குப்பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான்? பசித்தவனுக்குப் போட்டால் தண்டம், குழியில் கொட்டினால் தள்ளுபடி என்று சத்திரத்துச் சோற்றுக்குச் சட்டம் செய்ததுபோல் இருக்கிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். கழிவு விதிகளே வேண்டாம் என்பவர் அல்லோம் நாம். டில்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் சுற்றுப் பலகைகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் செம்பும் தங்கமும் எடுத்தார்கள். எடுத்தவர்கள் ஏழைகள், அவர்களில் சிறுவர்கள். ஈயமும் காட்மியமும் அவர்கள் நுரையீரலிலும் குருதியிலும் ஏறின. அதைத் தடுக்க விதி வேண்டியதுதான். இன்னும் கடுமையாகவே வேண்டும். கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் நாம் சான்றிதழ் தரவில்லை. ஒரு பெயர் அச்சிட்டு உள்ளே வேறொன்றை வைத்த போலி டிரான்சிஸ்டர்களை விற்றவர்கள் அந்தக் கடைத்தெருக்களிலும் இருந்தனர். நம் மைக்செட்காரர் சிரித்தது அதை நினைத்துத்தான்.

ஆனால் எரிப்பவன் வேறு, பொருத்துபவன் வேறு. கழிவு வேறு, மிச்சம் வேறு! அறுவடைக்குப் பின் களத்தில் சிந்திக் கிடக்கும் நெல்லைக் குப்பை என்று சொல்வாருண்டா? அதைப் பொறுக்கும் உரிமை ஏழைக்கு என்று விட்டுவைத்தது நம் ஊர் வழக்கம். மின்னணுக் களத்தில் மட்டும், சிந்திய மணியையும் உமியையும் ஒரே குழியில் தள்ள உத்தரவு. சட்டம் செய்தவர்களுக்குக் 'கழிவு' என்ற சொல் தெரிந்திருக்கிறது. 'மிச்சம்' என்ற சொல் தெரியவில்லை.

போகட்டும், பழைய கைப்பேசியிலிருந்தே பாகத்தைக் கழற்றிப் பொருத்தலாமே என்றால், அங்கும் பூட்டு. ஒவ்வொரு பாகத்துக்கும் எண் பொறித்து, அந்த எண்ணைக் கருவியின் மூளையில் பதித்துவிடுகின்றனர். வேறொரு கருவியிலிருந்து எடுத்த திரையைப் பொருத்தினால், 'இது தெரியாத பாகம்' என்று எச்சரிக்கை காட்டும். சில வசதிகள் வேலைசெய்யா. உன் பணத்தில் வாங்கிய கருவி, உன் கையிலுள்ள பாகத்தை ஏற்க, அமெரிக்காவிலுள்ள முதலாளியின் இசைவு வேண்டும்! 2024இல் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய மாதிரிகள் சிலவற்றுக்கு இந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. தானாகக் கனிந்தா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் அதே ஆண்டு, இப்படிப் பாகத்தைப் பூட்டக்கூடாது என்று சட்டமே போட்டது.

ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், பள்ளி மாணவராக இருந்தபோது வார இறுதிகளில் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? 'ஹால்டெக்' என்ற மிச்ச மின்னணுச் சாமான் கடையில்! டின்னில் கைவிட்டுப் பாகத்தின் விலையும் தரமும் அறிந்தவர் அவர். அவர் ஏறிவந்த ஏணி, அவருடைய கைப்பேசியின் பாகம் செய்யும் நம் ஊர்ப் பிள்ளைக்கு இல்லை. அவருடைய ஊர்ப் பக்கத்திலும் அந்த ஏணிகள் சாய்ந்துவிட்டன. சன்னிவேல் நகரின் 'வியர்ட்ஸ்டஃப்' கிடங்கு 2018 ஏப்ரலில் மூடப்பட்டது. நியூயார்க்கின் ரேடியோ ரோவை 1966இலேயே இடித்துத்தள்ளி, அந்த இடத்தில் உலக வணிக மையத்தை எழுப்பினர். அகிஹபராவின் 'ரேடியோ ஸ்டோர்' 2013இல் கடையைக் கட்டியது. ஆக, நோய் உலக நோய்தான். ஆனால் அங்கெல்லாம் ஏணியில் ஏறி மாடிக்குப் போனபின் ஏணி விழுந்தது. நாம் இன்னும் முதற்படியில் நிற்கிறோம்.

"இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, கடை எதற்கு?" என்று கேட்கும் படித்த தம்பிகளுக்கு ஒரு சொல். இணையம், என்ன வேண்டும் என்று அறிந்தவனுக்கு விற்கும். என்ன வேண்டும் என்றே தெரியாமல் வருபவனுக்குக் கற்பித்தது கடை. "மோட்டாரை வீட்டிலிருந்தே போடணும்ணே, காட்டுக்குப் போனா யானை நிக்குது" என்று வந்து நிற்கும் உழவருக்கு, பழைய கைப்பேசி ஒன்றையும் ரிலே ஒன்றையும் இணைத்து, மணி அடித்தால் மோட்டார் ஓடும்படி செய்து கொடுத்தவர்கள் நம் மெக்கானிக்குகள். அதை எந்த இணையக் கடையில் எந்தப் பெயர் போட்டுத் தேடுவார் அந்த உழவர்?

தொழில்நுட்பம் மாறியதை நாம் மறுக்கவில்லை. இன்றைய பாகம் சில, நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர். கேழ்வரகு மணியே அதைவிடப் பெரிது. இருந்தும் நம் ஆட்கள் சளைத்தார்களா? உருப்பெருக்கி வாங்கினார்கள்; சூடுகாற்றுக் கருவி வாங்கினார்கள்; கண்ணைக் கசக்கிக்கொண்டு கற்றார்கள். கை தோற்கவில்லை. பாகம் வராததால் கை சும்மா இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறோம்? நாலு கடை மூடினால் நாடா கவிழ்ந்துவிடும் என்று கேட்பவர்கள் ஸ்ரீபெரும்புதூரை நினைத்துப் பார்க்கவேண்டும். 2006இல் நோக்கியா ஆலை அங்கே உற்பத்தி தொடங்கியது. கோடிக்கணக்கில் கைப்பேசிகள் அங்கிருந்து போயின. வரி வழக்கு வந்தது. நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது சென்னை ஆலை அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், இளம்பெண்கள் தெருவுக்கு வந்தனர். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கைப்பேசியைத் தொட்ட கை. ஆனால் ஒரு கைப்பேசியை முழுதாகத் திறந்து மூடக் கற்ற கையா? ஒருத்தி திருகு முடுக்கினாள். ஒருத்தி திரை துடைத்தாள். ஒருவன் பெட்டியில் அடுக்கினான். வரிசையில் அவரவர் இடம் ஒன்று. கற்றதும் அந்த ஒன்று. ஆலை போனதும் அந்தக் கல்வியும் போயிற்று.

இன்று நம் எல்லைப்புறத்தில் ஆலை வாசலில் காலையில் பேருந்திலிருந்து இறங்கும் தங்கைகளைப் பார்க்கும்போது இந்த நினைவு வராமல் இல்லை. ஆலை ஓங்கி நடக்கட்டும். அதுவே நம் விருப்பம். ஆனால் முப்பது வயதில் அந்தத் தங்கை வெளியே வரும்போது, ஊரில் ஒரு மேசை போட்டுப் பிழைக்க வழியிருக்கவேண்டும். கற்ற கைக்குப் பாகம் வேண்டும். பாகத்துக்குக் கடை வேண்டும். கடைக்கு மிச்சம் வேண்டும். மிச்சமோ ஆலைக்குள் நொறுங்குகிறது.

டில்லி என்ன செய்தது? 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தது. எந்தக் கருவியைப் பழுதுபார்ப்பது எளிது என்று மதிப்பெண் போட இன்னொரு குழு. 2025 மே மாதம் அதன் அறிக்கை வந்தது. குழு உண்டு, தளம் உண்டு, அறிக்கை உண்டு. முதலாளியைக் கட்டுப்படுத்தும் சட்டம்? பிரான்சு நாடு 2021 முதற்கொண்டே கருவியின் மீது பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை ஒட்டச் செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொதுச் சட்டநெறி இயற்றி, உறுப்பு நாடுகள் 2026 ஜூலை இறுதிக்குள் அதற்கேற்பச் சட்டம் செய்யவேண்டும் என்று கெடு வைத்தது. நம்மவர்களோ கெடு வைப்பதற்கே கெடு வைக்கவில்லை.

அதேநேரம் பணம் தாராளமாகப் புறப்படுகிறது. மின்னணுப் பாக உற்பத்தியை ஊக்குவிக்க 2025 மார்ச்சில் மத்திய அரசு 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு இசைவளித்தது. அதற்கு ஈடுகொடுத்துத் தமிழ்நாட்டு அரசும் அதே ஏப்ரல் 30ஆம் நாள் தனித்திட்டம் அறிவித்தது. யார் வீட்டுப் பணம்? கேழ்வரகு விற்றவன் தீப்பெட்டி வாங்கும்போது கொடுத்த வரியும் அதில் இருக்கிறது. கொடுப்பவன் நிபந்தனை போடலாம்.

நாம் கேட்பது பெரிதன்று. உதவித்தொகை பெறும் ஆலை, மிஞ்சிய நல்ல பாகத்தை, அதாவது எரிக்கவும் கரைக்கவும் வேண்டாத, அப்படியே பொருத்தக்கூடிய பாகத்தை, நொறுக்குமுன் தனியே பிரிக்கவேண்டும். மாதம் ஒருமுறை, சாக்குக் கணக்கில், சில்லறை ஏலம். லாரிக் கணக்கில் அல்ல. வேறு குழுமத்தின் இரகசியம் அடங்கிய பாகம் என்று நிறுவனங்கள் முறையிடும், அப்படிப்பட்டதை விட்டுவிடட்டும். கண்டென்சருக்கும் கம்பிக்கும் திருகுக்கும் என்ன இரகசியம்? அந்த ஏலத்தில் முதல் உரிமை மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பழுதுபார்ப்போர் கூட்டுறவுக்கும். ஓசூர் சிப்காட் 1970களில் தொடங்கியபோது ஏக்கர் ஏக்கராக நிலம் எடுத்துக் கொடுத்த மக்களுக்கு, அந்த வளாகத்தில் ஒரு கொட்டகை கேட்பது பேராசையா? பதிவு முறையை வட்டாட்சியர் அலுவலகத்தில், தமிழில், ஒரே தாளில் முடிக்கும்படி செய்யவேண்டும். இவற்றில் பாதி டில்லி செய்யவேண்டியது; மீதிப் பாதிக்குக் கோட்டையில் எந்த ஆட்சி இருந்தாலும் கையெழுத்துப் போதும்.

கட்சித் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒன்றியவாரியாக, மைக்செட், தொலைக்காட்சி, கைப்பேசி, மோட்டார் பழுதுபார்ப்போர் எத்தனை பேர், எந்தப் பாகம் கிடைக்காமல் எத்தனை வேலை திரும்பிப்போகிறது என்று எழுதி வாங்குங்கள். தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கம் விட்டுவிடாதீர்கள். அங்கேதான் பெங்களூர் போய்வரும் பேருந்துக் கட்டணம் பாகத்தின் விலையைவிட அதிகம். கணக்கு கையில் இல்லாமல் கோரிக்கை வைத்தால், 'பரிசீலிக்கிறோம்' என்ற பதில்தான் வரும்.

தேன்கனிக்கோட்டை மைக்செட்காரர் மறுவாரம் பெங்களூர் போய் டிரான்சிஸ்டர் வாங்கிவந்துவிட்டார். நான்கு வாங்கினாராம், மீட்டரில் பார்த்ததில் ஒன்று போலி. மூன்றில் ஒன்றைப் பெட்டியில் பூட்டிவிட்டு, மற்ற இரண்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். நாம் மீண்டும் அந்த ஊருக்குப் போகும் நாளில், முதல் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.